நாற்பது ஸ்டூல்களுக்கு ஒரு சாட்சி

அந்தப் பைய மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்பி வச்சுக்கிடுங்கக்கா. கடைப் பேரு என் கண்ணுல பட வேண்டாம். தப்பா நெனைக்காதீங்க, உங்க மேல எனக்கு என்ன கோவம்? சேல எடுத்தீங்களா? மாத்தப் போறீங்களா? பார்டர்ல நூல் பிரிஞ்சிருக்கோ. பில்லு இருக்குல்லா, அப்பம் மாத்தித் தருவான், கடை தொறக்கத்தான் இன்னும் நேரமிருக்கு. ரெண்டாவது மாடி, பட்டு செக்ஷன், லிஃப்ட விட்டு எறங்குனதும் எடது பக்கம். பதினோரு வருஷம் நான் அங்கனதான் நின்னேன். நின்னேன்னா, நின்னேன். அதத்தான் சொல்ல வாரேன்.

காலையில ஒம்பதரைக்கு ஏறுனா ராத்திரி ஒம்பதரைக்குத்தான் எறங்கணும். அது வரைக்கும் நிப்புதான். ஆளு வராத மத்தியான நேரம்கூட உக்காரக் கூடாது. ரேக்குல லேசா சாஞ்சா போதும், கேமராவுல பாத்துட்டு சூப்பர்வைசர் கந்தையா மைக்குலயே கேப்பாவ, "வடிவு, ரேக்கு விழுந்துருமோ? பிடிச்சுக்கிட்டு நிக்கியோ?" கஸ்டமருங்க சிரிப்பாங்க. நானும் சிரிக்கணும். என் முழுப்பேரு சங்கரவடிவு. கடையில எல்லாருக்கும் வடிவக்கா.

இந்தக் காலப் பாருங்க. கூச்சப்படாம பாருங்க, பஸ்ஸுல யாரு இருக்கா. முட்டிக்குக் கீழ நரம்பெல்லாம் சுருண்டு சுருண்டு கெடக்கா? டாக்டரம்மா பாத்துட்டு, "நீங்க என்ன வேல பாக்கீங்க"ன்னு கேட்டாவ. நிக்கிற வேலன்னேன்.

நிக்கிறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே வந்துட்டுன்னு பெல்சிதான் போன்ல காட்டுனா. பெல்சி சுடிதார் செக்ஷன். இருவத்தி நாலு வயசு, வாயி ஜாஸ்தி. சட்டம் வந்து எவ்வளவோ நாளாச்சு, எங்க கடைக்கு மட்டும் வரல. சரி, மனு குடுப்போம்னு நான்தான் ஆரம்பிச்சேன். யாரு என்ன வேணும்னாலும் சொல்லட்டும், ஆரம்பிச்சது நான்தான். மனு எழுதுனதும் நான்தான். பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன், கையெழுத்தும் குண்டு குண்டா இருக்கும்.

கையெழுத்து வாங்குறது பாத்ரூம் வாசல்ல. அங்கதான் கேமரா கெடையாது. ரெண்டு ரெண்டு பேரா வருவாங்க, போட்டுட்டுப் போவாங்க. அறுவது பேரு போட்டிருப்பாங்க, அப்பம் வந்து நின்னா சுடலி.

சுடலின்னா ஹவுஸ்கீப்பிங். கூட்டுறது, தொடைக்கிறது, பாத்ரூம் கழுவுறது. அவங்க எட்டு பேரு உண்டு, காண்ட்ராக்ட் ஆளுக. என்னையவிட பத்து வயசாவது மூத்தவதான். ஆனாலும் என்னைய அக்கான்னுதான் கூப்பிடுவா. நான் சுடலின்னு கூப்பிடுவேன். அது அப்பிடியே பழகிட்டு.

"யக்கா, நாங்களும் கைரேக வைக்கட்டுமா?"ன்னா. பின்னால இன்னும் மூணு பேரு வாளியும் கையுமா நிக்காங்க.

நான் நல்ல வெதமாத்தான் சொன்னேன். "சுடலி, இது நிக்கிறவங்களுக்கு உள்ளது. நீங்க எங்க நிக்கீங்க? குனிஞ்சு நிமுந்து நடந்துக்கிட்டுல்லா இருக்கீங்க."

"குனியுறதும் நின்னுக்கிட்டுத்தானக்கா?"

"மொதல்ல எங்களுக்குக் கெடைக்கட்டும். பொறவு உங்களுக்கும் கேப்போம்."

"சரிக்கா"ன்னா. அவ்வளவுதான். வாளியத் தூக்கிட்டுப் போயிட்டா. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. பேசிருந்தா நான் யோசிச்சிருப்பேன்.

பெல்சிதான் புடுபுடுன்னு வந்தா. "எதுக்குக்கா வேண்டாம்னீங்க? அவங்களையும் சேத்தா எழுவது பேரு ஆவும்லா?"

"சேத்தா நம்மள்ல இருவது பேரு கழண்டுக்கிடுவாளுவ. தன் பேருக்குக் கீழ பாத்ரூம் கழுவுறவ ரேகை இருந்தா எவ சம்மதிப்பா?"

"எவ சம்மதிக்க மாட்டா? பேரச் சொல்லுங்க."

"எல்லாரும்தான்."

"ஒரு பேரச் சொல்லுங்கக்கா."

நான் யாரு பேரச் சொல்ல? திடுதிப்புன்னு கேட்டா பேரு வருமா? ஆனா ஊரு ஒலகம் எப்பிடின்னு எனக்குத் தெரியும்லா. எனக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாதுக்கா. நான் மத்தவங்களுக்காகத்தான் பாத்தேன். ஒரு காரியம் நடக்கணும்னா எல்லாத்தையும் ஒரே நேரத்துல இழுத்துப் போட முடியுமா? நீங்களே சொல்லுங்க.

சரி. அறுபத்திரெண்டு கையெழுத்தோட மனு லேபர் ஆபீசுக்குப் போச்சு. ஒரு மாசம் கழிச்சு, இன்ன தேதிக்கு ஆய்வுக்கு வாரோம்னு கடைக்குத் தபால் வந்துச்சு. தபாலப் பாத்ததும் மேனேஜர் என்ன செஞ்சாவ தெரியுமா? ஆய்வு அன்னைக்குக் காலையில நாங்க உள்ள போறோம், மாடிக்கு மாடி ஸ்டூலு! செவப்பு ரெக்சின் போட்ட புது ஸ்டூலு, மொத்தம் நாப்பது. ஆபீசரம்மா வந்தாவ. கந்தையா கண்ணக் காட்டுனாவ, நாங்க உக்காந்தோம். பதினோரு வருஷத்துல மொத தடவ அந்த மாடியில உக்காருதேன்க்கா. ஆபீசரம்மா கேட்டாவ, "தெனமும் இப்பிடித்தான் உக்காருவீங்களா?" பக்கத்துல மேனேஜர். நான் என்ன சொல்ல? ஆமாங்க மேடம்னு சொல்லிட்டேன். எல்லாரும் சொன்னோம். எழுதிக்கிட்டுப் போயிட்டாவ.

மறுநாள் காலையில போறோம், ஒரு ஸ்டூலு இல்ல.

அஞ்சாவது மாடி கோடவுனுக்குப் போயிட்டு. யாரு தூக்குனா? நாங்க வர்றதுக்கு முன்னாலயே ஏழு மணிக்கு யாரு வருவா? அவங்கதான். சுடலியும் அவ ஆளுகளும். எறக்குனதும் அவங்கதான், ஏத்துனதும் அவங்கதான். எனக்கு அப்பமே சுருக்குன்னு வந்துச்சு. ஒரு வார்த்த எங்ககிட்ட வந்து சொல்லிருக்கலாம்லா? "யக்கா, இப்பிடி மேல தூக்கச் சொல்லுதாங்க"ன்னு சொல்ல வாயில்லையா?

அதுக்குப் பொறவுதான், சரி, மனு இனிம எடுபடாது, உக்காந்துருவோம்னு முடிவு பண்ணுனோம். தரையிலயே. ஆடித் தள்ளுபடி, மொத ஞாயித்துக்கெழம, பதினோரு மணிக்கு. அன்னைக்கு கடையில கால் வைக்க எடம் இருக்காது, அப்பம் உக்காந்தாத்தான் மொதலாளிக்கு உறைக்கும். எவகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்.

பதினோரு மணி. நான் கையில வச்சிருந்த சேலய மடிச்சு ரேக்குல வச்சேன். உக்காந்தேன். பெல்சி கீழ் மாடியில உக்காந்தா. ஒண்ணொண்ணா, ஒண்ணொண்ணா, நாப்பத்தஞ்சு பேரு உக்காந்துட்டாங்கக்கா! கஸ்டமரெல்லாம் எங்களச் சுத்தி நின்னு பாக்காங்க. ஒரு அம்மா சொன்னா, "பாவம் பிள்ளைங்க, உக்காரட்டும்"னு. எனக்கு அழுகையே வந்துட்டு. கந்தையா மைக்குல பேரு பேரா கூப்பிடுதாவ, ஒருத்தி எந்திரிக்கல. ஜெயிச்சாச்சுன்னுதான் நெனச்சேன்.

அர மணி நேரம். படியில காலடிச் சத்தம் கேக்குது. எங்க யூனிஃபாரம் சேல, மாம்பழக் கலருல மெரூன் பார்டரு. அதக் கட்டிக்கிட்டு எட்டு பேரு வாராங்க. முன்னால யாரு? சுடலி.

அவங்களச் சேல விக்க நிக்க வச்சிட்டாங்கக்கா. எங்க எடத்துல. பாத்ரூம் கழுவுன கையி, அப்பிடின்னு நான் சொல்ல வரல, ஆனா எனக்கு அந்த நிமிஷம் எப்பிடி இருந்திருக்கும்? அதுவும் என்னன்னா, எங்களவிட அவங்களுக்கு எது எங்க இருக்குன்னு நல்லாத் தெரியுது. தெனமும் காலையில ரேக்கு ரேக்காத் தொடைக்கிறது அவங்கதான? கலைஞ்சு கெடக்குற சேலய மடிச்சு வைக்கிறதும் அவங்கதான? ஒரு பொண்ணு முகூர்த்தப் பட்டு கேக்கா, அரக்குக் கலர்ல. சுடலி ஒரே எட்டுல மூணாவது தட்டுல கைய விட்டு எடுத்தா. தோள்ல போட்டுக் காட்டுனா. நான் தரையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பொண்ணு அதையே எடுத்துக்கிட்டா. என் கண்ணு முன்னால.

மூணு மணிக்குள்ள ஒருத்தி ஒருத்தியா எந்திரிச்சிட்டாங்க. யாரக் குத்தம் சொல்ல? கடைதான் நடக்குதே, பொறவு உக்காந்து என்ன செய்ய. மறுநாள் ஏழு பேர வர வேண்டாம்னுட்டாங்க. நான் மொத ஆளு. பெல்சி ரெண்டாவது.

மூணு மாசம் வீட்டுல கெடந்தேன். எங்க வீட்டுக்காரரு, "உனக்கெதுக்கு இந்த வேல"ன்னு ஒரு நாளைக்குப் பத்து தடவ. இப்பம் ஜங்ஷன்ல ஒரு சின்னக் கடையில ஜாக்கெட் துணி கிழிக்கேன், அது வேற கத.

பெல்சிதான் விடல. மறுபடியும் லேபர் ஆபீசுக்கு மனு போட்டா. விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. ஆபீசரம்மா என்னையப் பாத்ததும் கேட்டாவ, "அன்னைக்கு தெனமும் உக்காருவோம்னு சொன்னது நீங்கதான?" அப்பம் மேனேஜர் பக்கத்துல நின்னாவ மேடம்னேன். "ஸ்டூல் கோடவுனுக்குப் போச்சுன்னு சொல்லுதீங்களே, போனத யாரும் பாத்தீங்களா?"ன்னு கேட்டாவ. எப்பிடிப் பாப்போம்? பாத்தவங்க எட்டே எட்டு பேருதான்.

"போயிக் கேப்போம்கா"ன்னா பெல்சி.

"நான் வர மாட்டேன்"னேன். ரெண்டு நாளு வரமாட்டேன்னேன். மூணாவது நாளு போனேன். அவங்க காலனிக்குள்ள நான் அதுக்கு முன்னால காலு வச்சதில்லக்கா. எங்க ஊருலருந்து ஒண்ணர மைல்தான். சுடலி வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டா, உக்காந்தோம். காப்பி குடுத்தா, எவர்சில்வர் தம்ளர்ல. குடிச்சேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சேன், பெல்சி சாட்சி. அதுக்கு மேல ஒரு மனுஷி என்னக்கா எறங்கி வரணும்?

குடிச்சிட்டுத்தான் கேட்டேன். "ஏன் சுடலி, எங்களுக்கு எதிரா சேலயக் கட்டிக்கிட்டு வந்து நின்னீங்களே, நல்லாருக்கா?"

"காண்ட்ராக்டர் வந்து, கட்டுங்க, கட்டாதவ நாளையிலருந்து வர வேண்டாம்னான். நீங்க உக்காரப் போறது எங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்? ஒரு வார்த்த சொல்லிருந்தா நாங்களும் உக்காந்திருப்போம்லா. அப்பம் அந்தாளு யாருக்குச் சேல கட்டி விட்டிருப்பான்?"

"உன்கிட்ட எப்பிடிச் சொல்ல? நீ போயி மேனேஜர்ட்ட சொல்லிட்டன்னா?"

அவ என்னையவே பாத்தா. கோவமெல்லாம் இல்ல. கோவப்பட்டிருந்தா எனக்கும் பதில் சொல்ல வசதியா இருந்திருக்கும். "சொல்லிப் பாக்காமலே எங்கள நம்பல நீங்க"ன்னா. "இப்பம் சாட்சிக்கு மட்டும் நம்புதீங்க."

பெல்சி, "தப்புதான் சுடலியம்மா"ன்னு சொல்லிட்டா. நான் எதுவும் சொல்லல. பெல்சி சொல்லியாச்சுல்லா, ரெண்டு பேரும் சொல்லணுமா?

"யோசிச்சுச் சொல்லுதேன்"னு அனுப்பிட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு! திரும்பி வார வழியெல்லாம் பெல்சியத் திட்டிக்கிட்டே வந்தேன். வர மாட்டா பாரு, வரவே மாட்டான்னேன்.

விசாரணை அன்னைக்கு எங்களுக்கு முன்னாலயே வந்து பெஞ்சுல உக்காந்திருக்கா. கூட இன்னும் ரெண்டு பேரு.

ஆபீசரம்மா, "வாங்க சுடலியம்மா, சொல்லுங்க"ன்னாவ. சொன்னா. தபால் வந்த மறுநாளு ஸ்டூல் வண்டியில வந்தது, எத்தன ஸ்டூலு, எந்த மாடிக்கு எத்தன, ஆய்வு முடிஞ்ச மறுநாளு ஏழேகாலுக்கு எத்தன தடவ படியேறுனா, லிஃப்ட அவங்க தொடக் கூடாதுன்னு அஞ்சு மாடியும் படியிலதான் தூக்குனது, ஒரு ஸ்டூலு காலு ஒடஞ்சது, அது இப்பவும் கோடவுன்ல எந்த மூலையில கெடக்குன்னு. ஒண்ணு விடாம. நான் பதினோரு வருஷம் வேல பாத்த கடை, லிஃப்ட அவங்க தொடக் கூடாதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

கடை வக்கீலு எந்திரிச்சாரு. "நீங்களும் இந்த மனுவுல கையெழுத்து போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

சொல்லிருவா, வடிவக்காதான் வேண்டாம்னு வெரட்டுனாங்கன்னு சொல்லிருவா, மனு மொத்தமும் போச்சுன்னு நெனச்சேன்.

"போட வந்தோம்"னா சுடலி. "அவங்க சேக்கல."

வக்கீலு ஆபீசரம்மாவப் பாத்து சிரிச்சாரு. "பாத்தீங்களா மேடம், தொழிலாளிகளுக்கே ஒத்தும இல்ல. இது ஒரு குரூப்போட தகராறு."

சுடலி வக்கீல நிறுத்திட்டாக்கா. கைய இப்பிடிக் காட்டி. "அது எங்களுக்குள்ள உள்ளது. அத நாங்க பேசிக்கிடுவோம். ஸ்டூலத் தூக்குனது நான். அதச் சொல்லத்தான் வந்தேன், சொல்லிட்டேன்."

ஆபீசரம்மா பேனாவ வச்சிட்டு, "நீங்க எட்டு பேரும் எங்க உக்காருவீங்க?"ன்னு கேட்டாவ.

"எங்களையா கேக்கீங்க?"ன்னா சுடலி. அவளுக்கே புரியல, அவளத்தான் கேக்காங்கன்னு.

ரெண்டு மாசத்துல உத்தரவு வந்துட்டு. கடையில வேல செய்யிற அத்தன பேருக்கும் உக்கார எடம், காண்ட்ராக்ட் ஆளு உட்பட. இப்பம் நீங்க போனீங்கன்னா பாப்பீங்க, ஒவ்வொரு செக்ஷன்லயும் செவப்பு ஸ்டூலு இருக்கும். பிள்ளைங்க உக்காந்திருக்கும். எனக்கு மட்டும் ஸ்டூலு இல்ல. எங்க ஏழு பேரு வேல கேசு தனியா ஓடிக்கிட்டு இருக்கு. சாட்சி சொன்ன மறுநாளே சுடலியையும் காண்ட்ராக்டர் வேலய விட்டு நிறுத்திட்டான். அதுவும் பாவம்தான், இல்லன்னு சொல்லல.

இப்பம் எனக்கு என்ன ஆதங்கம்னா, கேளுங்க. அந்தத் தெருவுல உள்ள எல்லாக் கடைப் பொம்பளைங்களையும் சேத்து சங்கம் வைக்கணும்னு பெல்சி ஏற்பாடு பண்ணுனா. போன ஞாயித்துக்கெழம காலையில கூடுனோம். நூறு பேரு இருக்கும். தலைவி யாருன்னு பேச்சு வந்துச்சு. ஆரம்பிச்சது யாரு? மனு எழுதுனது யாரு? மொதல்ல உக்காந்தது யாரு? நான் ஒண்ணும் கேக்கல, சும்மாதான் முன் வரிசையில உக்காந்திருந்தேன்.

பெல்சி எந்திரிச்சு, "சுடலியம்மா"ன்னா. கை எல்லாம் மேல போயிட்டு. எங்க செக்ஷன் பிள்ளைங்க கையும்தான். எந்தப் பிள்ளைங்க சம்மதிக்க மாட்டாங்கன்னு நான் அன்னைக்கு நெனச்சேனோ, அதே பிள்ளைங்க கைதான்க்கா.

சுடலி வேண்டாம்னுதான் சொன்னா. "வடிவக்காவே இருக்கட்டும், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா"ன்னா. "வடிவக்கா செயலாளரு, அவங்க எழுதிக்கிடுவாங்க"ன்னு பெல்சி முடிச்சிட்டா. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்.

இன்னைக்கு மொத மீட்டிங், காலையில எட்டு மணிக்கு, கடை தொறக்கதுக்கு முன்னால. அதுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். தீர்மானமெல்லாம் எழுதி எடுத்துட்டு வாங்கக்கான்னு நேத்து போன் பண்ணிச் சொன்னா சுடலி. அவளே ஒண்ணொண்ணாச் சொன்னா. மொத தீர்மானம் என்ன தெரியுமா? எல்லாக் கடையிலயும் சாப்பாட்டு ரூமுக்குள்ள எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும், ஹவுஸ்கீப்பிங் ஆளுங்கள மாடிப்படிக்கு அடியில சாப்பிட விடக் கூடாது. இதுக்கு எதுக்குக்கா தீர்மானம்? மொதலாளி செய்யிற வேலையா இது? எந்த மொதலாளியும் அவங்கள வெளிய போன்னு சொன்னதில்லையே. அவங்களாத்தான் அங்க போயி உக்காந்துக்கிடுவாங்க. நாங்களும் வான்னு கூப்பிட்டதில்ல, போன்னும் சொன்னதில்ல. சம்பளம் இருக்கு, லீவு இருக்கு, எங்க வேல கேசு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு இதையா மொதல்ல போடணும்? மூணாவதா போட்டா ஆகாதா? நாலாவதா?

கேட்டேனே, அவகிட்டயே கேட்டேன். "மூணாவதா வைப்போமா சுடலி"ன்னேன். "செயலாளரு நீங்க, பாத்து எழுதுங்கக்கா"ன்னுட்டு வச்சிட்டா.

இந்தா இருக்கு நோட்டு. புதுசு வாங்குனேன். சங்கத்துப் பேரு, தேதி எல்லாம் எழுதிட்டேன். கையெழுத்து நல்லாருக்கா? ரெண்டாவது தீர்மானம் எழுதியாச்சு, மூணு, நாலு, அஞ்சு எல்லாம் எழுதியாச்சு. ஒண்ணுன்னு போட்டு வட்டம் போட்டிருக்கேன் பாருங்க, அதுக்கு நேர மட்டும்தான் இன்னும் எழுதல. பஸ்ஸு குலுங்குதுல்லா, அதான்.